நூறு பேரின் கை

"முதல்ல கையை எடுங்க."

ஒரு நாளைக்கு நாற்பது பேரிடமாவது இதைச் சொல்வேன். ஜாய்ஸ்டிக் ஒரு பக்கமாக இழுக்கிறது, கம்ப்யூட்டரில் ஓட்டும் விமானத்தின் மூக்கு தானாகத் தாழ்கிறது, நேராகப் போகாமல் சாய்கிறது, புகார் எதுவானாலும் முதல் படி இதுதான். கையை எடுங்கள். ஸ்டிக்கைச் சும்மா விடுங்கள். திரையில் இருக்கும் வெள்ளைப் புள்ளி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் ஸ்டிக்கில் கோளாறு. பிளக்கைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருக வேண்டும். பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் தள்ளி வைக்க வேண்டும், அதன் காந்தம் உள்ளே இருக்கும் சென்சாரைக் குழப்பும். பிறகு ஸ்டிக்கை நாலு மூலைக்கும் ஒரு சுற்று சுற்றி நடுவில் விட்டால், இதுதான் நடு என்று அது மறுபடி கற்றுக்கொள்ளும், கேலிப்ரேஷன் என்பது இதுதான். பத்தில் ஒன்பது அதிலேயே சரியாகிவிடும்.

கையை எடுத்தால் புள்ளி நடுவில் நின்று, கை வைத்தால் மட்டும் நகர்ந்தால்? அதற்கு எங்கள் பதில் தாளில் ஒரே ஒரு வரி. "கருவியில் குறை இல்லை. தங்கள் புகார் முடிக்கப்பட்டது." அதற்கு மேல் ஒரு சொல் பேசினால் வேலை போகும்.

என் பெயர் இசக்கியம்மாள். போனில் ஈஷா. மாற்றியது முரளிதர் சார், போனும் லேப் சோதனையும் சேர்ந்த எங்கள் பிரிவின் தலைவர். "கஸ்டமர் வாயில நுழையணும்மா" என்றார். கேலிப்ரேஷன் நுழையும் வாயில் இசக்கி ஏன் நுழையாது என்று நான் கேட்கவில்லை. சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீசில் சான்றிதழ் வாங்கி அதைக் காட்டிப் படித்தவளுக்கு, முதல் வேலையில் எதிர்த்துப் பேசும் தைரியம் வர ரெண்டு வருஷமாவது ஆகும். எனக்கு ஆனது. அதற்குள் செய்யக்கூடாததைச் செய்து முடித்திருந்தேன்.

பெனிட்டா முதல் தடவை கூப்பிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை.

"மேடம், இது மூணாவது ஸ்டிக். மூணுமே இடது பக்கந்தான் போகுது."

"கையை எடுத்தா?"

"எடுத்தா ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. வச்சா போகுது."

நான் தாளைப் பார்த்தேன். வரியைப் படித்தேன். அவள் போனை வைக்கவில்லை.

"மேடம், நான் நீலவழிக்கு ஓட்டுதேன். இருநூறு மணி நேரத்துல நூத்தித் தொண்ணூறு முடிச்சிட்டேன். ஒன்பது நாள்ல எனக்கு வயசு தாண்டுது. கருவியில குறை இல்லன்னா பின்ன எதுல?"

போனை வைத்தேன். புகார் முடிக்கப்பட்டது.

நீலவழி சின்ன ஊர்களுக்குப் பத்தொன்பது இருக்கை விமானம் விடும் கம்பெனி. பைலட் ஆக அங்கே சொத்தை விற்க வேண்டாம். எங்கள் ஸ்டிக்கை வைத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் இருநூறு மணி நேரம் ஓட்டிக் காட்டினால் போதும், தேறியவர்களுக்கு நிஜ விமானத்தில் இலவசப் பயிற்சி. லாரி டிரைவர் மகளும் வானம் ஏறலாம் என்று விளம்பரம். பெனிட்டாவின் அப்பா நிஜமாகவே தூத்துக்குடியில் தண்ணி லாரி ஓட்டுகிறார். விளம்பரம் சொல்லாத ஒன்று உண்டு. அந்த ஸ்டிக் விமானம் ஓட்டுவதை மட்டும் பார்ப்பதில்லை. பிடித்திருக்கும் கையையும் படிக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டார். ஒரகடம் பேக்டரி வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியாக, உயரமாக, கையில் மஞ்சப்பை. பைக்குள்ளிருந்து ஸ்டிக்கின் தலை எட்டிப் பார்த்தது.

"நீங்கதான் ஈஷா மேடமா?"

"இசக்கி."

"அப்படிச் சொல்லுங்க. பேச்சுல அப்பப்ப ஊரு தட்டுச்சு. எந்தப் பக்கம்?"

"ஆலங்குளம்."

"அக்கான்னே கூப்பிடுதேன்."

கேன்டீனுக்குக் கூட்டிப் போனேன். எலுமிச்சை சாதத்தை அவள் தொடவில்லை. ஸ்டிக்கை மேஜைமேல் வைத்தாள், போலீஸில் சாட்சிப் பொருளை வைப்பதுபோல.

"உண்மையச் சொல்லுங்கக்கா. ஸ்டிக்கு நல்லாருக்கு. எங்கையிலதான் கோளாறு. அதான?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"நீங்க தண்ணி குடிக்கதே பதிலுதான்."

பதில் தாளை நினைத்தேன். பிறகு அது நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தேன்.

"ஸ்டிக்கு உன் கையைப் படிக்குதுட்டி. நரம்புச் சீக்கு வாரதுக்கு எட்டு பத்து வருஷத்துக்கு முன்னாடியே கை காட்டிக் குடுத்துரும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. சென்சாருக்குத் தெரியும். பின்னாடி நடுக்கம் வாரப்போற கைய நீலவழி எடுக்க மாட்டான். ஏன் எடுக்கலைன்னும் சொல்ல மாட்டான்."

"எனக்கு நடுக்கம் வருமா?"

"ஸ்டிக்கு அப்படித்தான் சொல்லுது."

"ஸ்டிக்கு யாருட்ட கேட்டுச் சொல்லுது?"

நல்ல கேள்வி. ரெண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.

"நல்ல கை எப்படி இருக்கும்னு அதுக்கு நாங்க காட்டிருக்கோம். நூறு பேரு கை. உன் கைய அந்த நூறோட ஒத்துப் பாக்கும். எவ்வளவு விலகுதோ அவ்வளவு மார்க்கு குறையும்."

நூறு என்று சொல்லும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை. பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள்.

"நான் நெல்லை பெரியாஸ்பத்திரிக்குப் போனேங்க்கா. நரம்பு டாக்டரு ஊசி மிசினெல்லாம் வச்சுப் பாத்தாரு. சிரிச்சாரு. உலகத்துல ஆடாத கையே கிடையாதும்மான்னாரு. நல்ல கை செகண்டுக்குப் பத்து தரம் ஆடுமாம், கண்ணுக்கே தெரியாம. நாலு, அஞ்சுன்னு மெதுவா ஆடுனாத்தான் பயப்படணுமாம். எனக்குப் பத்து. எழுதியே குடுத்துட்டாரு."

தாளில் பத்து என்றுதான் இருந்தது.

அந்த நூறைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்த மூன்றாவது மாதம். நூறு ஆரோக்கியமான ஆட்களை வரவழைத்து, ஒவ்வொருவர் கையையும் ஒரு மணி நேரம் பதிவு செய்ய வேண்டும் என்று திட்டத் தாளில் இருந்தது. வந்தது எட்டுப் பேர். அதிலும் ஐந்து பேரின் பதிவு பாதியில் அறுந்துபோனது. நீலவழி ஆட்கள் பார்வையிட வர இரண்டு வாரம் இருந்தது. முரளிதர் சார் லேபுக்கு வந்தார். நான் ஒரு ஸ்டிக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

"உன் கை கல்லு மாதிரி நிக்குதேம்மா."

"பீடி சுத்துன கை சார்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவோடு உட்கார்ந்து சுற்றிய கை. இலையை ஒரே அளவாக வெட்டி, தூளை ஒரே அளவாக வைத்து, ஒரே அழுத்தத்தில் சுருட்டும் கை.

"அப்ப நீயே உக்காரு. நூறு ஃபைல் போட்டுடு. கொஞ்சம் மாத்தி மாத்திப் பிடி. ஒரே ஆள்னு தெரியக் கூடாது."

எனக்கு அது தப்பாகவே படவில்லை. காலேஜ் லேபில் நாலு வருஷம் செய்தது அதுதானே. ஒரு ரீடிங் எடுப்போம். மீதி ஒன்பதை அதைச் சுற்றி ஏற்றியும் இறக்கியும் நாமே ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்வோம். விடை தெரிந்த கணக்குக்கு எதற்குப் பத்து தடவை என்று எங்களுக்கும் தோன்றியது, கையெழுத்துப் போட்ட சாருக்கும் தோன்றியது. நன்றாக ஏற்றி இறக்கத் தெரிந்தவள் முழு மார்க் வாங்கினாள். நான் எப்போதும் முழு மார்க். முரளிதர் சாரும் அப்படி ஒரு காலேஜில் அப்படித்தான் மார்க் வாங்கியிருப்பார்.

நூறு மணி நேரம் உட்கார்ந்தேன். நூறு பெயர் எழுதினேன். சோதித்தவர் என்ற இடத்தில் நூறு தடவை கையெழுத்துப் போட்டேன். அந்தப் பதிவுக்கு லேபில் எல்லாரும் வைத்த பெயர் தாய் ஃபைல்.

சாப்பாட்டு நேரம் முடிய இருபது நிமிஷம் இருந்தது. பெனிட்டாவை லேபுக்குள் கூட்டிப் போனேன். அவள் ஸ்டிக்கைச் சொருகி, தாய் ஃபைல் இதுதான் என்று காட்டி, அதை நிறுத்திவிட்டேன். இனி ஒப்பிடாது. கை எப்படியோ அப்படியே திரையில் கோடாக ஓடும்.

அவள் பிடித்தாள். மெல்லிய கோடு, பொடிப்பொடியாக. ஒரு செகண்டை நிறுத்தி எண்ணினோம். பத்து. புள்ளி நடுவில் நின்றது. இடமும் இல்லை, வலமும் இல்லை.

"நேராத்தானக்கா நிக்குது!"

"ஆமா."

"பின்ன தாய் ஃபைல் போட்டா மட்டும் ஏன் இடது பக்கம் போகுது?"

அந்த நூறும் என் கைதான் என்று சொன்னேன். அவள் ஸ்டிக்கிலிருந்து தன் கையை எடுத்துவிட்டு என் கையைப் பிடித்து வைத்தாள். ரொம்ப இயல்பாக, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கொடுப்பதுபோல.

கோடு மாறியது. பொடியாக இருந்தது அகலமாக எழுந்து விழுந்தது. நான் எண்ணவில்லை. அவள்தான் விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு…"

ஐந்தில் நிறுத்தினாள். அதற்குமேல் இல்லை. புள்ளி வலப்பக்கம் ஒரு மயிரிழை தள்ளி நின்றது.

தாய் ஃபைலை மறுபடி போட்டேன். என் புள்ளி நடுவுக்கு வந்து கல்லாக நின்றது. பக்கத்தில் விலகல் எண்: 0.3.

விளக்க வேண்டிய தேவை இல்லை. என் கை வலப்பக்கம் இழுத்திருக்கிறது. அதுதான் நேர் என்று ஸ்டிக்குக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதனால் நேரான கை எல்லாம் அதற்கு இடப்பக்கம் சாய்ந்த கை.

"அக்கா, உங்க வீட்டுல யாருக்காவது…"

அம்மா நாற்பத்து நாலு வயதில் பீடி சுற்றுவதை விட்டாள். "விரலு சொன்னபடி கேக்க மாட்டேங்கு, இலை கோணக்கோண போகுது" என்றாள். வயசாகிவிட்டது என்று நினைத்தோம். நாற்பத்து நாலு ஒரு வயசா? இப்போது டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறாள். கண்ணெதிரே இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே கல் மாதிரிக் கை என்று பெருமையடித்திருக்கிறேன்.

முரளிதர் சார் அறைக்குக் கதவைத் தட்டாமல் போனேன்.

"சார், தாய் ஃபைல் சீக்காளிக் கை."

அவர் கதவைச் சாத்தினார். நான் சொல்லி முடிக்கும்வரை பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சரி, அடுத்த வெர்ஷன்ல மாத்திடலாம். சத்தமில்லாம."

"இதுவரை எத்தனை பேரைத் தள்ளியாச்சு?"

"இருபதாயிரம் பேர் அப்ளை பண்ணாங்க. எடுத்தது அறுபத்திரண்டு. தாய் ஃபைலுக்கு ரொம்பக் கிட்டக்க வந்தவங்க, ரேங்க் படி."

அவர் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது கேட்டது. பேனாவை மேஜையில் வைத்தார்.

"அப்ப அந்த அறுபத்திரண்டு பேர் கையும் என் கை மாதிரி, சார். இருபதாயிரத்துல தேடித் தேடி அந்தச் சீக்கைத்தான் எடுத்துருக்கோம். அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"ஆறு மாசமா ஃப்ளை பண்றாங்க. லுக், ஒரு பிரச்சனையும் வரல. விமானம் நேராதான் போகுது. நம்ம ஃபைல் அந்த விமானத்து ஸ்டிக்லயும் இருக்கு, கை நடுக்கத்தைக் கழிக்கிறதுக்குன்னு வாங்கினாங்க. எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு."

"விமானத்துலயும் என் கைதானா?"

"பெருமைப்படேன்மா."

அவர் அதை நக்கலாகச் சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா, இன்னும் எனக்குத் தெரியாது.

"சார், கோணலான கை, அதே கோணலுக்குச் செஞ்ச ஸ்டிக். ரெண்டு தப்பும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு நேரா போகுது. அவ்வளவுதான். சீக்கு வளரும் சார். ஃபைல் வளராது. வருஷம் போகப் போக கை இன்னும் இழுக்கும், ஸ்டிக்கு பழைய கணக்கையே கழிச்சுக்கிட்டு இருக்கும். அன்னைக்கு என்ன செய்வீங்க?"

"அந்த நூறு ஃபாரத்துலயும் கையெழுத்து யாருது?"

"என்னுது."

"என்னோடது எங்கயாவது இருக்கா?"

இல்லை. அவர் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அதை அவருக்கு யாரோ சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிவதே பெரிய சாதனை. எதில் போடக்கூடாது என்று சொல்லித் தர ஆள் இல்லை.

"அப்ப எங்கயாவது எழுதிப் போடணும்னா யோசிச்சு எழுதும்மா" என்றார்.

வாசலில் காத்திருந்த பெனிட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு இன்னும் ஆறு நாள், பத்து மணி நேரம் பாக்கி. நான் அவளுக்கு ஒரு வழி சொன்னேன். இப்போது அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

"வலது பக்கமா ஒரு பொட்டு சாச்சுப் பிடி. முழங்கைக்குக் கீழ ஒரு சின்ன மோட்டாரை வச்சு மெதுவா ஆட விடு, செகண்டுக்கு அஞ்சு. என் கை மாதிரி ஆயிரும். முதல் ரேங்க்ல வருவ. மோட்டாரு நானே தாரேன்."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். மஞ்சப்பையின் காதை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"பின்ன நிஜ பிளேன்ல உக்காந்தா? அங்கயும் உங்க கைதான இருக்கு. நான் நேராப் பிடிச்சா அது இடது பக்கம் போகும். மோட்டாரக் கட்டிக்கிட்டா பிளேன் ஓட்ட?"

"பழகிரும்."

"எங்கப்பா லாரில ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுத்தா பழகிக்கிட மாட்டாரு. வண்டிய ஓரங்கட்டிருவாரு." பையைத் தோளில் மாட்டினாள். "புகார் எழுதுங்கக்கா. நானும் கையெழுத்துப் போடுதேன். எனக்கு நல்ல கைன்னு தாளு இருக்குல்லா."

எழுதினோம். நீலவழியின் பாதுகாப்புப் பிரிவுக்கு, அதற்கு மேலே இருப்பவர்களுக்கு, இரண்டு பத்திரிகைகளுக்கு. நூறு ஃபைலும் ஒரே கை, அது என் கை, பொய்க் கையெழுத்து என்னுடையது என்று பெயர் போட்டு எழுதினேன். ஈஷா என்று போடவில்லை. அன்றைக்கே ராஜினாமாவும் கொடுத்தேன். முரளிதர் சார் அதை வாங்கிக்கொண்டு, நோட்டீஸ் பீரியட் அறுபது நாள் முழுக்க வேலை செய்ய வேண்டும் என்றார். உடனே அனுப்பினால் நான் சொன்னது உண்மை என்றாகிவிடுமாம். லேப் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் போனோடு உட்கார்ந்தேன்.

பெனிட்டாவின் வயது தாண்டியது. அன்றைக்கு அவள் ஒரு செய்தி அனுப்பினாள். "இருநூறு மணி நேரமும் முடிச்சிட்டேன்க்கா. நேராத்தான் பிடிச்சேன்."

பத்திரிகைகளிலிருந்து ஒன்றும் வரவில்லை. மேலே இருப்பவர்களிடமிருந்தும் இல்லை. பத்தொன்பதாம் நாள் நீலவழி மட்டும் பதில் போட்டது. என் மேஜையில் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன். விமானங்களைச் சோதித்துப் பார்த்தார்களாம். அதே பைலட்டுகளை வைத்து. எந்த விலகலும் இல்லையாம்.

"கருவியில் குறை இல்லை. தங்கள் புகார் முடிக்கப்பட்டது."

என் வரி. தினமும் நான் அடுத்தவர்களுக்குப் படித்துக் காட்டிய வரி.

நானும் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், வருஷா வருஷம் வாங்க என்றார். எனக்கு வருஷக் கணக்கு போதாது. மேஜையில் ஒரு சோதனை ஸ்டிக் இருக்கிறது, தாய் ஃபைலோடு. திங்கட்கிழமை தோறும் வந்ததும் முதல் வேலையாக ஒரு நிமிஷம் அதைப் பிடித்துப் பார்ப்பேன். 0.3. இரண்டு வாரம் கழித்து 0.4. பிறகு 0.6. ஸ்டிக்குக்கு நேர் என்றால் என்னவென்று காட்டிய கை நான். எனக்கே நான் பொருந்தாமல் போய்க்கொண்டிருந்தேன்.

எட்டாவது திங்கட்கிழமை 0.9. புள்ளி நடு வட்டத்தை விட்டு வெளியே வந்து வலப்பக்கம் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். போன் அடித்தது.

"ஈஷா மேடம்தானே? குரல் ஞாபகம் இருக்கு. வீட்ல ஓட்டுறப்ப நீங்கதான் கேலிப்ரேஷன் சொல்லிக் குடுத்தீங்க. சேலம், தயாநிதி."

"சொல்லுங்க."

"இப்ப நீலவழில பைலட்டா இருக்கேன் மேடம். உங்க புண்ணியம்." சிரித்தார். நல்ல சிரிப்பு. பின்னால் ஒரு குழந்தை அழுதது, பெட்டி உருளும் சத்தம், யாரோ ஒரு பெண் சீட் நம்பர் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரு சின்ன டவுட்டு. லாக் புக்ல எழுதினா விமானத்தை நிறுத்திருவாங்க, ஜனங்கள இறக்கணும். அதான் உங்ககிட்டயே கேட்டுரலாம்னு. ஸ்டிக் லேசா ரைட் சைடு போற மாதிரி இருக்கு. போன வாரம் இல்ல. இந்த வாரந்தான்."

"கையை எடுத்தா?"

"நடுவுல நிக்குது. வச்சா போகுது."

பதில் தாள் எதிரே ஒட்டியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் முரளிதர் சார் யாருடனோ காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேர் ஏறியாச்சு?"

"பதினேழு. இன்னும் ரெண்டு பேர் வரணும். ஏன் மேடம்?"

"முதல்ல கையை எடுங்க."

"எடுத்துட்டேன் மேடம். அதான் சொன்னேனே, நடுவுல நிக்குது."

"நிக்கட்டும்" என்றேன். "நீங்க திரும்ப வைக்காதீங்க."